அடுப்பு அணைந்த மலை

எரிமலையின் மேல் ஜமக்காளம் விரித்துக் கட்டுச்சாத மூட்டையை அவிழ்க்க உங்களுக்குத் தைரியம் வருமா? எடின்பரோ நகரத்து ஜனங்களுக்கு வருகிறது! வெயில் சற்றே தலை காட்டினால் போதும். குழந்தை குட்டிகளும் நாய்களுமாகக் கிளம்பி விடுகிறார்கள். பயம் வேண்டாம். அந்த அடுப்பு எரிந்தது சுமார் 34 கோடி வருஷங்களுக்கு முன்னால்.

ஸ்காட்லாந்தின் தலைநகரில், அரண்மனைக்குக் கொல்லைப்புறம் போல, சுமார் 650 ஏக்கர் விஸ்தீரணத்தில் இருக்கிறது ஹோலிரூட் பூங்கா. பூங்கா என்றதும் பாத்தி கட்டிய ரோஜாச் செடிகளை எண்ணிக் கொள்ளாதீர்கள். பாறை, புல், ஏரி, விடாத காற்று, இவைதான் இங்கே. நடுவில் நிற்கும் மலைக்கு 'ஆர்தரின் ஆசனம்' என்று பெயர். உயரம் 251 மீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சிங்கம் சாவதானமாகப் படுத்திருப்பது போலத் தோன்றும்.

வசந்த காலத்தில் ஏறினால் வழியெல்லாம் மஞ்சள் பூத்த முட்புதர்கள். அந்தப் பூவை முகர்ந்தால் தேங்காய் வாசனை! உச்சியில் ஒருபுறம் கடல், மறுபுறம் கோட்டை. அந்தக் கோட்டை நிற்கும் பாறையும் இதே எரிமலைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மே மாதம் முதல் தேதி விடியற்காலையில் பெண்கள் இங்கே வந்து பனித்துளியில் முகம் கழுவுவது பழைய வழக்கம். முக அழகு கூடுமாம். செலவில்லாத சிங்காரம்!

மலையின் மேற்குப் பக்கத்தில் சால்ஸ்பரி செங்குத்துப் பாறைகள் இருக்கின்றன. ஜேம்ஸ் ஹட்டன் என்ற எடின்பரோக்காரர் இவற்றை உற்றுப் பார்த்தார். பாறைகள் எல்லாம் பழைய கடலில் வண்டலாகப் படிந்தவை என்று பல பண்டிதர்கள் சொல்லி வந்த காலம் அது. இங்கேயோ, உருகிய பாறைக் குழம்பு கீழிருந்து புகுந்து, வண்டல் அடுக்குகளை நெம்பி வளைத்திருந்தது. பூமியின் வயிற்றில் நெருப்பு உண்டு, அதன் வயதும் மனிதர் நினைத்ததைவிட மிக மிக அதிகம் என்று அவர் வாதித்தார். 1785-ல் அவர் சபையில் வைத்த அந்தக் கருத்து, பூகர்ப்ப சாஸ்திரத்துக்கே அஸ்திவாரமாயிற்று.

மனிதர்களுக்கும் இந்த மலை அடைக்கலம் தந்திருக்கிறது. கடனைத் திருப்பாதவர்களைச் சிறையில் தள்ளிய நாளில், ஹோலிரூட் மடத்தின் எல்லைக்குள் ஓடி வந்து விட்டால் யாரும் தொட முடியாது. பூங்கா முழுவதும் அந்த எல்லைக்குள் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை கைது செய்யும் வழக்கமில்லை. அதனால் அன்று மட்டும் ஊருக்குள் போய் உற்றார் உறவினரைப் பார்த்துவிட்டு, நள்ளிரவுக்குள் திரும்பி விடுவார்களாம். 1880-ல் கடனுக்காகச் சிறை என்பதே ஒழிந்தது. அடைக்கலத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

1836-ல் முயல் பிடிக்கப் போன சிறுவர்கள், ஒரு பாறை இடுக்கில் பலகைக்கல்லை நகர்த்தினார்கள். உள்ளே சின்னஞ்சிறு சவப்பெட்டிகள் 17! ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலு அங்குலம். உள்ளே மரப் பொம்மை. அதற்குத் துணி தைத்து உடுத்தியிருந்தது. சூனியம் என்றார்கள் சிலர். கடலில் மாண்டவர்களின் நினைவு என்றார்கள் வேறு சிலர். 1828-ல் அகப்பட்ட பர்க், ஹேர் என்ற கொலைகாரர்கள் வைத்தியக் கல்விக்காக விற்ற பிணங்களும் 17 அல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. மிஞ்சிய 8 பெட்டிகள் எடின்பரோவிலுள்ள தேசியப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றன. அந்தச் சிறு சட்டைகளைப் பொறுமையாகத் தைத்த கை எதுவோ, அது வாய் திறக்கவில்லை.

இவ்வளவு பெருமையுள்ள மலையும் ஒரு சமயம் தெருக்கல்லாகப் போக இருந்தது! பூங்காவின் பரம்பரைக் காவலரான ஹாடிங்டன் பிரபு, சால்ஸ்பரி பாறையை உடைத்துக் கல்லாக விற்கலானார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். நாளுக்கு நாள் பாறை தேய்வதைக் கண்டு ஊரார் கொதித்தார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1831-ல் கல் உடைப்பது நின்றது. 1843-ல் காவல் உரிமையையே சர்க்கார் விலை கொடுத்து வாங்கிவிட்டது. உளி பட்ட தழும்பு இன்றும் தெரிகிறது.

பாறையடியில் ஒரு பாதை உண்டு. 1820-ல் வேலையிழந்த நெசவாளிகள், நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட்டின் யோசனைப்படி, கூலிக்குப் போட்டது. 2018-ல் பாறை சரிந்ததால் அதை மூடினார்கள். ஆகவே, அங்கே போகிறவர்கள் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு ஏறுவது நல்லது. வழுக்காத செருப்பும் காற்றுக்கு ஒரு சால்வையும் அவசியம். நெருப்பு அடங்கினாலும் மலை மலைதானே!