அப்பா கை விடாத தொட்டி

எங்கள் வீட்டு மீன்தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஐம்பது லிட்டருக்கு மேலே தண்ணீர் பிடிக்கும். 1990-களின் தொடக்கத்தில், கோவை கணபதியில் நாங்கள் இருந்த லைன் வீட்டின் முன்னறையில், தையல் மிஷினை ஒட்டி அது இருந்தது. ஆசைப்பட்டு வாங்கியவர் அப்பா. கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி வெட்டி ஒட்ட வைத்ததும், சிலிக்கோன் பசையின் புளித்த வாடை போகிறவரை நிழலில் காயவிட்டதும் அவர்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று தனக்குத் தானே தடை போட்டுக்கொண்டவரும் அவர்தான்.

அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. பம்ப்செட்டுக்கான கன்மெட்டல் புஷ் கடைவார். கன்மெட்டலில் நூற்றுக்கு 88 பங்கு செம்பு, 10 வெள்ளீயம், 2 துத்தநாகம். ஈயம் சேர்ந்த வகையும் உண்டு. இரும்பைக் கடைந்தால் சுருள் சுருளாக வரும். கன்மெட்டல் பொடிப்பொடியாக உதிரும். அந்த மஞ்சள் பொடி நகக்கண்ணிலும் கைரேகையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். இரும்பு வேலை வந்த நாளில், சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் வேறு. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்க, இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, நாளாகி நாறாமல் இருக்க என்று அதில் பல ரசாயனங்கள் கலந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்டால் துடைத்து, மரத்தூளும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்த பிறகுதான் பட்டறையை விட்டுக் கிளம்புவார். சோறு பிசைய அந்தக் கை போதும். மீனுக்குப் போதவில்லை.

முதலில் வாங்கிய கப்பி மீன்கள் அப்படித்தான் போயின. ஒரு சாயங்காலம் சரிந்த கூழாங்கற்களை ஒதுக்க அப்பா முழங்கைவரை உள்ளே விட்டார். விளக்கைப் போட்டதும் தண்ணீர் மேல் வர்ணம் வர்ணமாக ஒரு படலம் நெளிந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காலையில் பாதி மிதந்தன. ஓட்டுக்குள் போன நத்தை வெளியே வரவே இல்லை.

வண்ணமீன் கடைக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். எண்ணெய் மேலே மூடிக்கொண்டால் காற்று தண்ணீரில் கரைவது குறைந்துவிடும். சோப்பு மீனின் வழவழப்பை எடுத்துவிடும், செவுளைப் புண்ணாக்கும். செம்பு இருக்கிறதே, நமக்குத் தெரியாத அளவு கரைந்தாலும் நத்தை தாங்காது. மீனுக்கும் செவுளில்தான் முதல் அடி. அந்த ஒரே கையில் மூன்றும் இருந்தன.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “ஏனுங்க, அரப்புப் போட்டுத் தேச்சுட்டு விட்டா என்னுங்க? வெறும் எலைதானுங்களே?” என்றாள். அப்பா தலையாட்டிவிட்டார். “நுரை வர்றது எதுவும் மீனுக்கு ஆகாது.” அவர் சொன்னது சரி. அரப்பிலும் சீயக்காயிலும் நுரைக்கிற பொருள் சப்போனின்; அது செவுளைத் தாக்கும். இலைதானே, காய்தானே என்று நம்பி விடக்கூடாது. நம் உடம்புக்குக் குளிர்ச்சி தருவது தண்ணீருக்குள் மூச்சு விடுகிற உயிருக்கு நஞ்சாகலாம்.

அதன் பிறகு வீட்டில் பல சட்டங்கள். சிவப்பு பக்கெட்டில் துணி நனைக்கக் கூடாது, அது மீனுக்கு மட்டும். அம்மாவின் பித்தளைக் குடத்தில் வைத்த தண்ணீர் தொட்டிக்கு ஆகாது, அதிலும் செம்பு இறங்கும். பட்டறைச் சட்டை வெளியே கொடியில்தான் தொங்க வேண்டும். காற்று மோட்டார் அறையில் இருக்கிற வாடையைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது. கொசு மருந்து அடிக்கிறபோது அந்த மோட்டாரை நிறுத்தி, தொட்டியைப் பலகையால் மூட வேண்டும்.

தண்ணீர் விஷயம்தான் எனக்கு இன்றும் வியப்பு. எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் என்றால் தனிப் பெருமை. உப்புத் தண்ணீர் பாத்திரம் கழுவ மட்டும். அப்பா பாதிக்குப் பாதி உப்புத் தண்ணீர் கலந்தார், தெருவே அதிசயமாகப் பார்த்தது. கப்பிக்கு அந்தக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். அதோடு, தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் செவுளில் செம்பு ஒட்டவேண்டிய இடத்தை அது முந்திக்கொள்ளும். மெல்லிய தண்ணீரில் செம்பின் கொடுமை அதிகம். சிறுவாணித் தண்ணீரையும் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் வாடை போன பிறகே ஊற்றுவோம்.

தொட்டிக்குள் போகிற கை என்னுடையதானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா முக்காலி போட்டு உட்காருவார். கைகளை அக்குளுக்குள் இடுக்கிக்கொள்வார். “மெதுவா அம்மணி. அந்தக் கல்லுக்கு அடியில பாரு, இரை தங்கியிருக்கும். குழாயக் கொஞ்சம் தூக்கு.” உதவ ஆசையாக இருக்கும், தோள் முன்னே வரும், உடனே பின்னுக்கு இழுத்துக்கொள்வார். எனக்கும் சோதனை உண்டு. நகத்தைக் காட்ட வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிய அன்று எனக்கும் தடைதான். மற்ற நாளில் வெறும் தண்ணீரில் முழங்கைவரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், அவர் போதும் என்கிறவரை. இவ்வளவு பொறுமையாக எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் வேறு யாரும் இல்லை.

புதிதாக விட்ட நத்தைதான் எங்கள் காவலாளி. அது கொம்பை நீட்டிக் கண்ணாடியில் ஊர்ந்தால் அப்பாவின் முகம் தெளியும். கப்பிகள் குட்டி போட்டுப் போட்டுப் பெருகின. லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போதும் பாட்டிலைப் பிடிப்பவள் நான்தான்.

லேத் வேலையை விட்ட பிறகும் அப்பா உடனே தொட்டியில் கை விடவில்லை. நகக்கண்ணில் இருந்த கறுப்பு வளர்ந்து வெட்டுப்படட்டும் என்றார், ரேகையில் இருந்தது தேயட்டும் என்றார். அதுவரை அம்மா இரை போட்டாள். நான் ஊருக்குப் போகிறபோதெல்லாம் தொட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.