குளிர்நாட்டுச் சக்கரமும் குலசேகரத்துப் பாலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். காருக்கும் இது பொருந்தும். மின்னலெனப் பாயும் பந்தயக் காராகவே இருக்கட்டும். அது தரையைத் தொடுவது ஏறத்தாழ உள்ளங்கை அளவுள்ள நான்கு ரப்பர்ப் பரப்புகளால்தான். அந்த நான்கும் பிடிவிட்டால் எந்திரத்தின் ஆற்றல் அத்தனையும் வீண் அன்றோ!

பனி என்பதையே படத்தில் மட்டும் பார்த்த நீ பனிக்கால டயரைப் பற்றி எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எழுதலாம். என் தந்தை குலசேகரம் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி. டயரின் கதை அவர் கத்தி முனையில் தொடங்குகிறது. அது முடியும் இடத்தை எனக்குச் சொன்னவர், ஜெர்மனியில் கார்ப் பட்டறையொன்றில் தொழில் பயிலும் என் அத்தான்.

'அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை' என்பது அந்நாட்டார் வாய்வழக்கு. அந்த மாதங்களில் கோடைக்கால டயரைக் கழற்றிவிட்டுக் குளிர்கால டயரை மாட்டுவார்கள். பனியும் உறைபனியும் படிந்த சாலையில் அதற்கேற்ற டயர் இன்றி ஓட்டலாகாது என்று 2010இல் சட்டம் தெளிவாக வகுத்தது. மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்திவலை வரைந்த முத்திரை டயரில் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் அம்முத்திரை இல்லாதவை குளிர்கால டயராகக் கணக்கில் வருவதில்லை.

சென்ற பருவத்தில் அத்தான் கைக்கு வந்தது ஒரு போர்ஷே 911. எந்திரம் பின்பக்கம், பின் டயர்கள் முன் டயர்களைவிட அகலம். ஆகவே முன்னதைப் பின்னதற்கு மாற்ற வழியில்லை. குளிர்காலத்திற்குச் சற்றே சிறிய ரிம்மும், அகலம் குறைந்த டயரும் நல்லவை. குறுகிய டயர் பனியை அழுத்திக் கீழே இறங்கும். அகன்ற டயரோ அதன்மேல் மிதக்கப் பார்க்கும். ஆனால் விருப்பம்போல் ரிம்மைச் சிறிதாக்கவும் முடியாது. வேகக் காருக்குப் பிரேக்கும் பெரிது. ரிம் அதன்மேல் இடித்துவிடும். டயரின் பக்கவாட்டிலுள்ள அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கி உருளும் திசையைக் காட்ட வேண்டும். போல்ட்டுகளைக் குறித்த அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். இரண்டு டயரை மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடிப்பது ஆபத்து. முன்பக்கம் பிடித்து நிற்கப் பின்பக்கம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுழலும்!

இன்னொன்றும் சொன்னார். அந்தக் கார் மணிக்கு 290 கிலோமீட்டரைத் தாண்டவல்லது. அவர் மாட்டிய டயரிலோ 'வி' என்ற எழுத்து. அதன் எல்லை 240. எனவே 240க்கு மேல் செல்லாதே என்ற ஒட்டுத்தாளை ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். வல்லமை உடையவனுக்கும் பருவம் அறிந்த அடக்கம் வேண்டும் என்பதை அந்தச் சிறு தாள் சொல்கிறது.

ஏன் இத்தனை பாடு? இங்கேதான் நம் வேதியியல் வருகிறது. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வெம்மையில் நெளியும், குளிரில் விறைக்கும். மிகவும் குளிர்ந்தால் கண்ணாடிபோல் ஆகிவிடும். இயற்கை ரப்பர் இந்நிலையை அடைவது ஏறத்தாழ -70 டிகிரி செல்சியசில். வேகக் காரின் கோடை டயரோ வெப்பச் சாலைக்கென்று செய்த கலவை. 7 டிகிரிக்குக் கீழே அதன் பிடி தளரத் தொடங்கும் என்பது பட்டறைக் கணக்கு. கடுங்குளிரில் அது வெடிப்பதும் உண்டு. குளிர்கால டயரில் இயற்கை ரப்பரையும் சிலிக்காவையும் கூடுதலாகச் சேர்த்து மென்மையைக் காப்பார்கள். மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோன்ற நுண்பிளவுகள் பல இருக்கும். அவற்றின் விளிம்புகள் பனியைக் கவ்வும். விறைத்த ரப்பரின் கொடுமையை உலகம் 1986 ஜனவரி 28இல் கண்டது. சேலஞ்சர் விண்கலத்தில் எழுவர் மாண்டனர். ஏவூர்தியின் ரப்பர் வளையம் குளிரில் நெகிழ்ச்சி இழந்ததே காரணம். குளிர்நீரில் ஒரு ரப்பர்த் துண்டை அமிழ்த்தி அதை விளக்கிக் காட்டினார் பேரறிஞர் ஃபெய்ன்மன்.

இவ்வளவையும் ஓர் இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாய் நடப்பவர். பட்டையைச் சற்று ஆழமாக வெட்டினால் மரம் கெடும். மேலாக வெட்டினால் பால் வராது. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. இவ்வாண்டு மழை நீண்டுகொண்டே போயிற்று. அவருக்குக் கண்பார்வையும் மங்கி வருகிறது. படிப்பை நிறுத்திவிட்டுக் கத்தி எடுக்கட்டுமா என்று சில நாள் முன்புதான் கேட்டிருந்தேன். அவர் பதில் சொல்லவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அப்பா வினவினார்: "நம்ம வெட்டுத பாலு பனியிலயும் பிடிக்குமாக்கும்?"

"பிடிக்கும் அப்பா. -70 டிகிரி வரைக்கும் கண்ணாடியாவாது."

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இருபத்தஞ்சு வருசமா வெட்டுதேன். இது எங்க போவுதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அதச் சொல்ல வீட்டுல ஒரு ஆளு வேணும் மக்கா. கத்தி எங்கிட்டயே இருக்கட்டு, நீ படி" என்றார்.

பாலிமர்ப் பாடத்தைத் தேர்வுக்கு வரும், வராது என்று கணக்குப் பார்த்துப் படிக்கும் நண்பர்களே! நாம் மனப்பாடம் செய்யும் ஒவ்வொரு வாய்பாட்டின் மறுமுனையிலும் யாரோ ஒருவரின் கை உழைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கைக்கு அதன் பெருமையை எடுத்துச் சொல்லவாவது நாம் கற்க வேண்டும். என் மூன்றாம் ஆண்டுச் செலவை அப்பா எப்படிச் சேர்ப்பார் என்பதை நான் அறிவேன்: சொட்டுச் சொட்டாக, சிரட்டை சிரட்டையாக.