பரம்பரை என்று சொல்லாதீங்க

"தோட்டத்துப் பிள்ளைங்க கட்டைதானே, அது பரம்பரை." அக்கா மகனைப் பற்றி இதை எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். மொனராகலையில் ஒரு றப்பர் தோட்டத்து லயத்தில் வளர்கிறான். வயசு பத்து. எட்டு வயசுத் தங்கச்சி உயரத்தில் அவனைத் தாண்டிட்டா.

கடைசியில் ஒரு டாக்டர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். நான் கலைப்பீடம், ஓமோன் எல்லாம் ஓ.எல். விஞ்ஞானத்தோடு சரி. ஆனால் அக்காவுக்கு யாராவது விளங்கப்படுத்த வேணுமே, தேடிப் படித்தேன்.

வளர்ச்சி ஓமோன் மூளைக்குக் கீழேயுள்ள கபச் சுரப்பியிலிருந்து விட்டு விட்டு வருகிறது, அதிகமாக இரவுத் தூக்கத்தில். பகலில் ஒருதரம் இரத்தம் எடுத்தால் நல்லா வளரும் பிள்ளைக்கும் குறைவாகத்தான் காட்டும். அதனால் முதலில் ஐ.ஜி.எஃப்-1 பார்ப்பார்கள். வளர்ச்சி ஓமோன் தூண்ட, ஈரல் சுரப்பது அது; நாளுக்குள் அவ்வளவாக மாறாது. தைரொயிட்டும் பார்ப்பார்கள். இன்னும் சந்தேகம் என்றால் வெறும் வயிற்றில் வரச்சொல்லி, ஓமோனைத் தூண்டும் மருந்து கொடுத்து, சில மணித்தியாலத்துக்குள் பல தடவை இரத்தம் எடுப்பார்கள்.

அவனுக்கு ஐ.ஜி.எஃப்-1 குறைவு. ஆனால் சாப்பாடு பத்தாவிட்டாலும் அது குறையும்! டாக்டர் அடுத்துக் கேட்டது, "காலையில என்ன சாப்பிடுறான்?" பிளேன்டீயும் ரொட்டியும் என்றாள் அக்கா.

2016 சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் குன்றியவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 வீதம். தோட்டங்களில் சுமார் 32 வீதம். 2006/07இல் தோட்டங்களில் அது சுமார் 40 வீதம். பரம்பரை பத்து வருசத்தில் மாறுமா? மாறியது வாழ்க்கை நிலைமை. இன்னும் மாற வேண்டியதும் அதுதான்.

அதற்காக எல்லாம் சாப்பாட்டுப் பிரச்சினை என்றும் விட ஏலாது. சுரப்பியில் உண்மையிலேயே குறை இருந்தால் ஊசி மருந்து உண்டு. ஆனால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு முன்னமே தொடங்க வேண்டும். ஒவ்வொரு கிளினிக்குக்கும் அக்காவுக்கு ஒரு பேர் போகிறது. அப்படியிருந்தும் ஆறு மாதம் கழித்து உயரம் அளக்கத் திரும்பக் கூட்டிப் போகப் போகிறாள்.

பிள்ளை பிறந்தபோது தந்த சுகாதாரப் பதிவேட்டில் உயரத்துக்கும் ஒரு கோடு இருக்கு. நிறையை மட்டும் பார்த்துட்டு மூடி வைக்காதீங்க. அந்தக் கோடு படுத்துக்கிடந்தால் டாக்டரிடம் கேளுங்க. "பரம்பரை" என்று சொல்லிச் சொல்லியே நாம் இழப்பது பிள்ளையின் காலத்தை.