இரண்டு செட் ஜெராக்ஸ்

கல்லூரித் தேர்வுப் பிரிவு. கண்காணிப்பாளர் மேசைக்கு முன்னால் ஓர் அம்மா. சுவரோரமாக மகன், இரண்டாமாண்டு கணிதம். விட்டு விட்டு எரியும் டியூப்லைட்டுக்குப் பயந்து தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருக்கிறான்.

அம்மா பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். மாற்றுத்திறனாளிக்கான யூடிஐடி அடையாள அட்டை. ஆட்டிசம், 50 சதவீதம் என்ற அரசு மருத்துவச் சான்றிதழ். 40 கேள்விகளுக்கு ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போட்ட, ஆட்டிசத்தை அளக்கும் ஐ.எஸ்.ஏ.ஏ. தாள். பிளஸ் டூ தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தந்த ஆணை. எல்லாமே இரண்டு செட்.

கண்காணிப்பாளர் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார், பையனைப் பார்க்கிறார்.

“தம்பி, பேரென்ன?”

ஸ்டாம்ப் பேடைப் பார்த்தபடியே பெயரையும் பதிவு எண்ணையும் ஒரே மூச்சில் சொல்கிறான்.

“நல்லாத்தானேம்மா பேசுறான்!”

கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா என்பதுதான் அந்த 40 கேள்விகளில் முதலாவது. தாள் அவர் கைக்கடியிலேயே கிடக்கிறது.

“கையும் நல்லாத்தான இருக்கு?”

“எழுதுவான் சார். நேரந்தான் பத்தாது. ஃபேன் சத்தம் இல்லாத ரூமா ஒண்ணு குடுத்தீங்கன்னா…”

“அப்போ எழுத முடியாதுன்னு சிவில் சர்ஜன்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க.”

மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் அந்தக் கடிதம், தனக்காக வேறொருவர் எழுத வேண்டும் என்பவருக்கு உரியதாக இருந்தது. இவர்கள் ஆள் கேட்கவே இல்லை. 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், ஆள் வைக்காமலே மூன்று மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கூட்டித் தரலாம் என்றும் அதிலேயே இருந்தது. சான்றிதழில் சதவீதத்துக்கு இடமுண்டு. ஃபேன் சத்தத்துக்குத்தான் இல்லை.

அம்மா தாள்களை அடுக்கத் தொடங்குகிறார். ஆஸ்பத்திரிக்கு இன்னொரு நாள், இன்னொரு லீவு என்று அவர் மனசு கணக்குப் போடுவது முகத்தில் தெரிகிறது. பையன் மெல்ல, “எக்ஸாம் திங்கக்கிழமை” என்கிறான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

பக்கத்து மேசை அக்கா தலை நிமிராமலே கை நீட்டுகிறார். “மனுவ இங்க குடுங்கக்கா. இன்வர்ட் நம்பர் போட்டுத் தர்றேன். பிரின்சிபால் பார்த்துச் சொல்லட்டும்.”

கண்காணிப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. முத்திரை விழுகிறது.

இப்படி மனு எழுதப் போகிறவர்கள் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. இன்வர்ட் நம்பர் வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.