தென்காசி கோபுரம், குற்றாலச் சாரல்: கேமராவுக்குள் வருவதும் வராததும்

சென்னை எழும்பூரில் இரவு ஏறிப் படுத்தவர்கள் காலையில் கண் விழிக்கும்போது பொதிகை எக்ஸ்பிரஸ் தென் மாவட்டத்துக்குள் வந்திருக்கும். ராஜபாளையம் தாண்டியதும் வலது பக்க ஜன்னல்களில் கூட்டம் சேர ஆரம்பிக்கும். வயல், பனைமரம், அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, மலையின் தலையில் மேகம். சீசன் மாதம் என்றால் ஜன்னலுக்கு ஒரு கைபேசி முளைக்கும். கடையநல்லூர் வருவதற்குள் ஆளுக்கு நாற்பது படம் சேர்ந்துவிடும். அதில் முப்பதில் தந்திக் கம்பமும் ஜன்னல் கம்பியும்தான் தெளிவாக விழுந்திருக்கும்!

தென்காசியில் இறங்குபவர்கள் இரண்டு படங்களை எடுக்கத்தான் வருகிறார்கள். ஒன்று, காசி விஸ்வநாதர் கோயிலின் ராஜகோபுரம். இன்னொன்று, அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்குள் இருக்கும் குற்றாலத்துப் பேரருவி. இரண்டையும் கோடிப் பேர் எடுத்தாயிற்று. ஆனாலும் அருவியை நேரில் பார்த்தவர் ஊருக்குப் போய்ப் படத்தைக் காட்டும்போது, "நேர்ல பார்க்கணும், இது ஒண்ணுமே இல்ல" என்று சொல்லாமல் இருப்பதில்லை.

கேமரா வருவதற்கு முன்பே இந்த மலைக்குப் படம் பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள். 1792-ல் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் தென்னிந்தியாவைச் சுற்றினார்கள். இதே மலைத்தொடரில் தாமிரபரணி விழும் பாபநாசம் அருவியை வரைந்தார்கள். ஊர் திரும்பியபின் 'ஓரியண்டல் சீனரி' என்ற பெரிய தொகுப்பில் அது அச்சாகி வெளிவந்தது. பாறை, நீர், மரம் என்று அவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்த அளவுக்கு இன்று யாரும் உட்கார்வதில்லை. குற்றாலத்தில் அப்படி உட்கார்ந்து பார்க்கவேண்டிய ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் அதைத் தாண்டி நேராக அருவிக்கு ஓடிவிடுகின்றன.

அது சித்திர சபை. நடராஜருக்கு ஐந்து சபைகள் என்பார்கள். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். மற்ற நான்கு ஊர்களிலும் ஆடவல்லான் திருமேனியாக நிற்கிறார். இங்கே சுவரில் வரைந்த ஓவியமே நடராஜர். பூஜையும் தீபாராதனையும் அதற்குத்தான். குற்றாலநாதர் கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, தெப்பக்குளத்தை ஒட்டித் தனியாக இருக்கிறது இந்தச் சபை. சுற்றுச் சுவர்களிலும் புராணக் காட்சிகள். மார்கழித் திருவாதிரையில் இங்கே நடக்கும் தாண்டவ தீபாராதனையைப் பார்க்கவே கூட்டம் வரும்.

ஊரே கையில் கேமராவோடு அலையும் இந்தக் காலத்தில், ஒரு படத்தையே கும்பிடும் இடம் அருவிக்குப் பக்கத்திலேயே இருப்பது வேடிக்கைதான். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது. அதற்கு முன்பிருந்தே பழைய சுவரோவியங்கள் இருக்கும் இடங்களில் ஃபிளாஷ் வெளிச்சம் கூடாது என்பது பொதுவான விதி; வண்ணம் வெளுக்கும் என்பதே காரணம். ஆகவே சித்திர சபையில் கண்ணால் எடுப்பதுதான் படம். கையில் போன் இல்லாத குழந்தைகள் அங்கே ஒவ்வொரு கட்டமாக நின்று, "இது யாரு, அது என்ன மிருகம்" என்று கேட்கிறார்கள். பதில் தெரியாத அப்பாக்கள் கொஞ்சம் திண்டாடுவார்கள்.

இனி அருவி. பேரருவியில் நீர் மேலிருந்து ஒரே தாவலாகக் கீழே விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக் குழியில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் குளிப்பவர்கள் தலையில் இறங்குகிறது. அந்தக் குழி இல்லாவிட்டால் அங்கே யாரும் தலையைக் கொடுக்க முடியாது. படம் எடுப்பவருக்கும் அந்த இடம்தான் முக்கியம். நீர் உடைந்து தூளாகி, சாரலும் புகையுமாக எழும்புவது அங்கிருந்துதான்.

மலை மேற்கே இருப்பதால் அருவிக்கு வெளிச்சம் காலையில்தான். பிற்பகல் சாய்ந்துவிட்டால் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், பாறை கறுத்துவிடும். சீசனில் பெரும்பாலும் மேகமூட்டம்தான், அதில் குறை ஒன்றும் இல்லை. முகத்தில் நிழல் விழாது, பச்சை பச்சையாகவே வரும். வானத்தை மட்டும் சட்டத்துக்குள் விடக்கூடாது. விட்டால் வெள்ளைத்தாள் ஒட்டியதுபோல் இருக்கும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். ஐந்து நிமிடம் பொறுத்துத் துடைத்தால் போதும். காரைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைப்பது இன்னும் நல்லது.

நீரைப் பட்டுத் துணிபோல் காட்ட ஷட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டும். அரை விநாடி போதும். ஆண்ட்ராய்டு போன்களின் 'ப்ரோ' மோடில் இது உண்டு. கூட்டத்தில் டிரைபாட் விரிக்க இடம் கிடையாது. கைப்பிடிச் சுவரில் போனை அழுத்திப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பதே வழி. ஆனால் குற்றாலத்துத் தண்ணீர் பட்டுத் துணியா என்பது வேறு கேள்வி. முதுகில் அறைகிற தண்ணீர் அது. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் எடுத்தால் ஒவ்வொரு துளியும் கல்போல் நிற்கும். அருவியில் நின்றவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் "ஆமா, இப்படித்தான் இருந்துச்சு" என்பார்கள்.

ஒரு சிக்கலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அருவியைப் படம் எடுப்பது என்றால் அருவியில் குளிப்பவர்களையும் எடுப்பதுதான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் கேமரா அந்தக் கம்பித் தடுப்பை மதிப்பதில்லை. தன் பிள்ளை சாரலில் சிரிப்பதை ஒருவர் ஆசையாக எடுக்கிறார். பின்னால் நனைந்த சேலையோடு தலை துவட்டும் யாரோ ஒருவரின் அம்மா அதில் விழுகிறார். அந்தப் படம் ராத்திரி லாட்ஜ் அறைக்குப் போவதற்குள் ஸ்டேட்டஸில் ஏறி, முன்பின் தெரியாத முந்நூறு பேர் பார்த்துவிடுகிறார்கள். பார்த்தவர்களில் ஒருவருக்காவது அந்த அம்மாவைத் தெரிந்திருக்கலாம். ஃபிலிம் காலத்தில் அந்தப் படம் ஆல்பத்தில் ஒட்டி பீரோவுக்குள் போயிருக்கும்.

இதற்கு வழி அருவியிலேயே இருக்கிறது. பேரருவியில் குளிப்பவர்களின் பாதுகாப்புக்காக ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது 'ஆர்ச்'. கேமராவை அதற்கு மேலே தூக்கிவிட்டால் பாறையும் நீரும் பொங்குமாங்கடலின் புகையும் மட்டும்தான் இருக்கும். ஒரு மனிதர்கூட வரமாட்டார். உண்மையில் அருவியின் நல்ல பகுதியும் அதுதான். குடும்பப் படம் வேண்டுமென்றால் குளித்து உடை மாற்றி, நெற்றியில் ஈரம் காயாமல் கடைவீதியில் நிற்கும்போது எடுக்கலாம். ஒரு கையில் மங்குஸ்தான், இன்னொரு கையில் சூடாக பஜ்ஜி. அருவி அந்த முகங்களில் இருக்கும்.

குரங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியபோதே இந்த மலையின் வானரங்களுக்கு அதில் நல்ல இடம் கொடுத்திருக்கிறார். அவற்றின் வாரிசுகளுக்கு இப்போது பளபளக்கும் போன் கவர் பிடிக்கும். செல்ஃபிக்காக நீட்டிய கையிலிருந்து பறித்துக்கொண்டு மரமேறினால், பழம் காட்டிக் கெஞ்சவேண்டியதுதான்.

அந்த ஆர்ச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சீசனில் "ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுது" என்று யாராவது சொன்னால், குளிக்கத் தடை என்று அர்த்தம். அன்றுதான் அருவி பார்க்க மிக அழகாகவும் இருக்கும். படம் எடுக்க வந்தவர்களுக்குக் கால் பரபரக்கும் நாளும் அதுதான்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை இந்தப் பக்கம் இன்னும் மறக்கவில்லை. சீசன் தொடங்காத கோடை விடுமுறை நாள். மலைமேல் பெய்த மழையில் அருவிக்குத் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடினார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த 17 வயது மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். கைபேசிகளில் பதிவான வீடியோ அன்றே நாடு முழுக்கப் பரவியது. அருவியை விதவிதமாக எத்தனையோ பேர் எடுத்திருந்தும், பலரும் பார்த்த பழைய குற்றாலம் அந்தச் சில நொடிகள்தான்.

கீழே வெயில் அடிக்கும்போதே மேலே காட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த நீர் செம்மண் நிறமாவது, இலையும் சுள்ளியும் சேர்ந்து வருவது, சத்தம் கனத்து மாறுவது, இவையெல்லாம் ஓடச் சொல்லும் அடையாளங்கள். நீரின் நிறம் மாறுவதை முதலில் பார்க்கக்கூடியவர் கரையில் கேமராவோடு நிற்பவர்தான். குளிப்பவருக்குக் கண்ணைத் திறக்கவே முடியாது. பட்டனை அழுத்துவதா, கத்திக் கூப்பிடுவதா என்பதை அவர் அப்போது யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. முன்பே முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும்.

அருவியில் விழும் நீர் சிற்றாறாகி, தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது. அந்தச் சிற்றாற்றங்கரை ஊர்தான் தென்காசி. காசிக்குப் போகும் வழியிலேயே உயிர்விடும் தெற்கத்தி பக்தர்களுக்காக இங்கேயே ஒரு காசி வேண்டும் என்று பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் கோயில் எழுப்பினான் என்பது ஊர்க் கதை. எறும்புச் சாரை வழிகாட்டியதாகவும் சொல்வார்கள். கங்கைக் கரைக் காசியை உலகத்துப் போட்டோகிராபர்கள் எல்லாம் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். சிற்றாற்றங்கரைக் காசி அவ்வளவாக மாட்டவில்லை.

தென்காசிக் கோபுரம் ஒன்பது நிலை, 178 அடி. கிழக்கு பார்த்தது. அதனால் காலை வெயிலில் சுதை வேலைப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அடியில் நின்று போனை நிமிர்த்தினால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும். சன்னதித் தெருவில் நன்றாகப் பின்னால் போக வேண்டும். இன்னும் பொறுமை இருந்தால் ஊருக்குக் கிழக்கே வயல்வெளிப் பக்கம் போய் மேற்கே பார்க்கலாம். நெல், ஊரின் கூரைகள், கோபுரம், மலை, மேகம் என்று அடுக்கடுக்காக நிற்கும். நடக்கத் தயங்காதவர்களுக்கு மட்டுமே கிடைக்கிற படம் இது.

இன்று நிமிர்ந்து நிற்கும் இந்தக் கோபுரம் சில தலைமுறைகளுக்கு இப்படி இருந்ததில்லை. சிதைந்து, நடுவே பிளந்து, மொட்டைக் கோபுரம் என்ற பெயரோடு நெடுங்காலம் நின்றது. தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியில் மறுபடி எழுந்து, 1990-ல் கும்பாபிஷேகம் கண்டது. பராக்கிரம பாண்டியன் இதை எதிர்பார்த்திருந்தான் போலிருக்கிறது. பின்னாளில் இந்தக் கோயிலில் பழுது ஏற்பட்டு அதைச் சரிசெய்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் பாதத்தில் விழுந்து வணங்குகிறேன் என்ற கருத்தைக் கல்வெட்டில் பாட்டாக வெட்டி வைத்திருக்கிறான். ஓர் அரசன் எழுதியது அது.

1990-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த மொட்டைக் கோபுரம் தெரியாது. அது இருப்பது பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில்தான். வரலாற்றுக்காக எடுத்தவை சிலவே. கல்யாணம் முடிந்து கோயிலுக்கு வந்த ஜோடி, முதல் மொட்டை போட்ட குழந்தை, ஊருக்கு வந்த சித்தப்பா என்று யாரோ நிற்கும் படத்தின் பின்னணியில் தற்செயலாக அது நிற்கும். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்து வீடுகளின் பரணில் அப்படி எத்தனை ஆல்பங்கள் செல்லரித்துக் கிடக்கின்றனவோ! பூசணம் பிடிப்பதற்குள் அவற்றை இறக்கி, போனிலாவது ஒரு நகல் எடுத்து, பின்னால் ஆண்டும் ஆட்களின் பெயரும் எழுதி வைத்தால், அது புதிதாக எடுக்கும் நூறு கோபுரப் படங்களைவிடப் பெரிய காரியம்.

நேரம் இருப்பவர்கள் சுந்தரபாண்டியபுரத்துக்கும் போவார்கள். 'ரோஜா' படத்தில் வந்த ஊர், 'அந்நியன்' பாட்டுக்கு வண்ணம் தீட்டிய பாறை, ஆடி மாதத்துச் சூரியகாந்தி வயல் எல்லாம் அங்கேதான். பூக்கள் பெரும்பாலும் கிழக்கே பார்த்து நிற்கும் என்பதால் காலையில் போவது நல்லது. வரப்பிலிருந்தே நல்ல படம் கிடைக்கும். உள்ளே இறங்கிச் செடியை வளைத்து முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிறவர்கள், அது ஒருவருடைய விளைச்சல் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்தால் எல்லோரும் இன்னொரு முறை கோபுர வாசலுக்கு வருவார்கள். அங்கே வீசும் காற்று இந்த ஊரின் பெயர்போன விஷயம். வெளியே இலை அசையாத நேரத்திலும் வாசலுக்குள் கால் வைத்ததும் ஆளைத் தள்ளுகிற மாதிரி அடிக்கும். மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று. அதை வீடியோ எடுக்க முயலாதவர்கள் குறைவு. வெளியில் நின்று எடுத்ததை ஓட்டிப் பார்த்தால், பறக்கும் ஒரு துண்டு, முகத்தை மறைக்கும் கூந்தல், மைக்கில் 'உர்ர்' என்ற இரைச்சல், அவ்வளவுதான். "ஒண்ணும் தெரியலையே" என்று அழித்துவிட்டு, போனைக் கொண்டுபோய்ப் பாதுகாப்பு அறையில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, குடும்பம் மறுபடி அந்த வாசலில் வந்து நிற்கிறது. பாட்டி தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்கிறார். பேரன் இரண்டு கைகளையும் விரித்துக் காற்றின் மேல் சாய்ந்து பார்க்கிறான்.