ஒரு கழித்தல் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போடலாமா? ஒருத்தருக்கு மூணு வருஷம் ஜெயில் தண்டனை. ஜாமீன் கிடைக்காததால, தீர்ப்புக்கு முன்னாடியே ஒரு வருஷம் விசாரணைக் கைதியா உள்ளே இருந்துட்டார். இனி எத்தனை வருஷம் இருக்கணும்?

ரெண்டுன்னு சொல்லியிருப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், இதுல படிக்க என்ன இருக்குன்னு. ஆனா 1974-க்கு முன்னாடி இந்தியாவில் அந்த விடையை உரிமையோட கேட்கக் கைதிக்குச் சட்டத்தில் இடமில்லை. நீதிபதி மனசு வெச்சு தண்டனையைக் குறைச்சாதான் உண்டு. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்த 428-வது பிரிவுதான் அதை உரிமையாக்கியது. 2024 ஜூலையில் இருந்து நடைமுறையில் இருக்கிற புதிய சட்டத்தில் அது 468-வது பிரிவு.

அதோட முடிஞ்சுதா? இல்லை. அந்தப் பிரிவு 'ஒரு காலத்துக்கு' விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையைப் பற்றித்தான் பேசுது. ஆயுள் தண்டனைக்கு ஏது காலம்? அதனால ஆயுள் கைதிக்கு இந்தக் கழிவு கிடையாதுன்னு 1982-ல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நாம கோடிங்ல ஒரு இஃப் கண்டிஷனைத் தப்பா போட்டா டெஸ்ட் கேஸ் ஃபெயில் ஆகும், திருத்திக்கலாம். இங்கே கணக்கில் வராமப் போனது மனுஷங்களோட வருஷங்கள்.

1985-ல் பகீரத் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதைத் திருத்தியது. ஆயுளும் ஒரு காலம்தான், அரசு தண்டனையைக் குறைக்கும்போது ஆயுள் கைதிக்கும் அந்த நாட்களைக் கழிக்கணும்னு தீர்ப்பு.

இதைப் படிச்சப்போ என்னை உறுத்தின விஷயம் ஒண்ணு. விசாரணைக் கைதி உள்ளே இருக்கிற நாட்களில் சட்டத்தின் பார்வையில் அவர் இன்னும் குற்றவாளியே இல்லை. அப்படி இருந்தும் பூட்டு அதே பூட்டுதான். அந்த நாட்களைத் திருப்பித் தர முடியாது. கழிச்சுக்க மட்டும்தான் முடியும். அதனால இதை யாரும் சலுகைன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

தீர்ப்பில் இந்த நாட்கள் விட்டுப்போனா மேல்முறையீட்டில் கேட்கலாம். பொதுவா உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், மற்ற நீதிமன்றங்களுக்கு 30 நாள் அவகாசம். சிறையில் இருக்கிறவர் மனுவைச் சிறை அதிகாரி கையிலேயே கொடுக்கலாம், அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பியாகணும். வக்கீல் வைக்கக் காசில்லையா? காவலில் இருக்கிற யாருக்கும் இலவச சட்ட உதவி கேட்கும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருக்கு.

ஒரு விஷயத்தில் கவனம்: அதே வழக்கில் இருந்த நாட்கள்தான் கழியும். அபராதம் கட்டாததுக்கான சிறைவாசத்தில் இது கழியாது.

உங்களுக்குத் தெரிஞ்ச யார் வீட்டிலாவது இப்படி ஒரு நிலைமை வந்தா, கைதான தேதியையும் ஜாமீனில் வந்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்க. அந்த ரெண்டு தேதி இருந்தா போதும், மீதிக் கணக்கை நாமளே போட்டுடலாம்.