கௌஸ் துறையிலே பாய்க்கப்பல்கள்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சவுத்தம்ரன் நகரிலிருந்து விரைவுப் படகேறினால், அரைமணி நேரத்திற்குள் வைற் தீவின் கௌஸ் துறையை அடைந்துவிடலாம். மெடீனா ஆறு ஊரை இரு கூறாக்கிக் கடலிற் கலக்கின்றது. 1826ஆம் ஆண்டில் இங்கு தொடங்கிய பாய்க்கப்பற் போட்டி இன்றும் ஓகஸ்ட் மாதத்தில் நடைபெற்று வருகின்றது.

துறைக்கு வருவோர் பாய்களின் அழகைப் பார்த்து நிற்பர். நாமோ பாய்மரத்தைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பியைப் பார்த்தோம். அதனை இறுக்கும் முறை எல்லாப் படகுகளுக்கும் ஒன்றன்று.

அருகிலுள்ள லிமிங்ரனில் உருவான கொன்ரெஸா 32 என்னும் படகில் முன்கம்பி, பின்கம்பி இரண்டுமே மரத்தின் உச்சியிற் பிணைந்துள்ளன. பின்கம்பியை இறுக்க, இழுவை நேரே முன்கம்பிக்குச் செல்லும். முன்கம்பி தொய்ந்தால் முன்பாய் பைபோற் பிதுங்கும்; படகு காற்றை எதிர்த்து ஏற மறுக்கும். 1979இல் கௌஸிலிருந்து புறப்பட்ட பாஸ்ற்நெற் போட்டி பெரும்புயலிற் சிக்கிப் போட்டியாளர் 15 பேர் மாண்டனர். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் ஓட்டத்தை முடித்தது ஒரு கொன்ரெஸா மட்டுமே. அது கம்பியின் பெருமையென்று நாம் சொல்லவில்லை!

1929இல் வரையப்பட்ட டிறகன் படகின் கதை வேறு. அதன் முன்கம்பி உச்சிக்குக் கீழே நின்றுவிடுகின்றது. ஆகவே பின்கம்பியை இழுத்தால் மரம் வில்லாக வளையும். பெரிய பாய் தட்டையாகி, மிகுந்த காற்றை வழியவிடும். மென்காற்றிலே தளர்த்திவிட வேண்டும். அளவு மீறி வளைத்தால், பாயிற் குறுக்கே சுருக்கங்கள் ஓடிக் காட்டிக்கொடுக்கும்.

எமது மனத்தைக் கவர்ந்தவை பழைய நாற்கோணப் பாய்ப் படகுகளே. 1851இல் இங்கே வெற்றிபெற்ற 'அமெரிக்கா' தாங்கியதும் அத்தகைய பாய்களையே. பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் சாய்கழி மரத்துக்குப் பின்னே நீண்டு அசைவதால், நடுவே நிலையான கம்பி கட்ட இடமில்லை. ஆதலால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. காற்று வரும் பக்கத்தது இறுக, மற்றையது தளர வேண்டும். பின்காற்றிலே பாய் பக்கம் மாறும்போது இறுக்கத் தவறினால் மரமே முறிந்து முன்னே விழக்கூடும்.

அத்தகைய படகொன்றில் நாமும் ஏறியிருந்தோம். அந்தக் கயிறுகளுக்குப் பொறுப்பாயிருந்தவள், படகுக்காரரின் பதினைந்து வயது மகள். தந்தை குரல் கொடுத்தார். பாயின் அடிக்கழி நடுவுக்கு இழுக்கப்பட்டது. கணப்பொழுதில் ஒன்றை இறுக்கி மற்றதை அவிழ்த்தாள். பாய் பெரும் ஓசையுடன் மறுபுறம் வீழ்ந்தது. மரம் அசையவில்லை. அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, அடுத்த அழைப்புக்காகக் கயிற்றருகே குந்திக்கொண்டாள்.